மேட்டு நிலமும் கீழே உள்ள வீடுகளும்

(நம் அறக்கட்டளையின் பொதுக்குழுக் கூட்டத்தில் மக்தப் கூடத்தில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே தரப்படுகிறது.)





ஆண்டு வரவு செலவு வாசித்து முடிந்தது. இனி முடிவெடுக்க வேண்டிய பொருள் ஒன்றுதான். நம் அறக்கட்டளைக்குச் சொந்தமான நான்கு ஏக்கர் மேட்டு நிலத்தைக் கேரட் சாகுபடிக்குக் குத்தகை கேட்டு வந்திருக்கிறார்கள். இப்போது தேயிலையில் நமக்குக் கிடைப்பதைப் போல் மூன்று மடங்கு தருவதாகச் சொல்கிறார்கள். பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்குவதும், பொக்லைன் வைத்து நிலத்தைச் சீர்செய்வதும் அவர்கள் செலவு. நம் பிள்ளைகளின் படிப்பு உதவிக்கும், கணவரை இழந்த சகோதரிகளுக்கு மாதந்தோறும் கொடுக்கும் தொகைக்கும் இந்த நிலத்தின் வருமானமே முதல் ஆதாரம். ஆகவே மூன்று மடங்கு என்பது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய பேச்சு அல்ல. நிர்வாகக் குழுவில் "கொடுத்துவிடலாம்" என்பவர்களும் இருக்கிறார்கள், "வேண்டாம்" என்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள்.

அந்த நிலத்துக்குக் கீழே முப்பத்திரண்டு வீடுகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் நம் மஹல்லாவைச் சேர்ந்தவை. மற்றவர்கள் நம்மோடு மூன்று தலைமுறையாக வாழும் அண்டை வீட்டார். எனவே வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதி கேட்கிறேன். கல்லூரியில் புவியியல் படித்தவன் என்ற முறையிலும், கடந்த இரண்டு மாதமாக நம் இளைஞர்களோடு அந்த நிலத்தை அளந்து பார்த்தவன் என்ற முறையிலும் பேசுகிறேன்.

ஒரே மலை, மூன்று மண்

நிலத்தில் மூன்று இடங்களில் குழி எடுத்துப் பார்த்தோம். ஓடையோரம் பழைய காட்டு மரங்கள் நிற்கும் இடத்தில் கறுத்த மேல்மண் ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. தேயிலைக்குள் ஒரு சாண் இருந்தது. எல்லைக்கு அப்பால், பல வருடமாகக் காய்கறி போடும் ஒரு தோட்டத்தின் உச்சியில், உரியவரின் அனுமதியோடு தோண்டினோம். நாலு விரல் ஆழத்திலேயே சிவப்பு மண் வந்துவிட்டது. மூன்று குழிக்கும் இடையே அரை கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. மூன்றின் மீதும் ஒரே மழைதான் பெய்கிறது. பாறையும் ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் மேலே என்ன வளர்கிறது, மனிதன் அங்கே என்ன செய்கிறான் என்பதில் இருக்கிறது.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது? இலை விழுந்து, மக்கி, மண்புழு தின்று, வேர் செத்து, மறுபடி வேர் ஓடி, இப்படிச் சேர்ந்த மக்குதான் அது. இந்த மக்கு மண் துகள்களைப் பசைபோல் ஒட்டிவைத்து, ரவை உருண்டை போல மணிமணியாக ஆக்குகிறது. மணிகளுக்கு இடையே துளைகள் இருக்கும். மழை அந்தத் துளைகள் வழியாக உள்ளே இறங்கும். இப்படிப்பட்ட மண்ணைக் கையில் எடுத்தால் லேசாக இருக்கும், பஞ்சுபோல் அமுங்கும்.

அதே மண்ணை வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கொத்திக் கிளறினால் மக்கு காற்றுப் பட்டு வேகமாகக் கரைந்து போகிறது. மணிகள் உடைந்து மாவாகின்றன. மேலே மூடாக்கு இல்லாததால் மழைத்துளி நேராக மண்ணில் அடிக்கிறது. பெரிய மழைத்துளி ஒன்று மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து விழுகிறது. அந்த அடியில் சிதறும் நுண்மண் துளைகளை அடைத்து, மேலே மெழுகியதுபோல் ஒரு ஏடு உண்டாகிறது. அதன்பிறகு தண்ணீருக்கு உள்ளே போக வழியில்லை. மேலோடு ஓடுகிறது. ஓடும்போது மண்ணையும் கூட்டிப் போகிறது.

இதோ, மேசை மீது இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்திருக்கிறேன். இது ஓடையோரத்து மண்கட்டி. இது காய்கறித் தோட்டத்து மண்கட்டி. இரண்டையும் நிழலில் ஒரே மாதிரி உலர்த்தியிருக்கிறோம். முன்வரிசைப் பிள்ளைகள் வந்து ஆளுக்கு ஒன்றை மெதுவாகத் தண்ணீரில் விடுங்கள். பார்த்தீர்களா, தோட்டத்து மண் ஒரு நிமிடத்தில் கரைந்து அடியில் சேறாகிவிட்டது. ஓடையோரத்து மண் கட்டியாகவே நிற்கிறது, தண்ணீரும் தெளிவாக இருக்கிறது. மலைமீது பெருமழையில் நடப்பதும் இதுதான். வீட்டுக்குப் போய் உங்கள் தோட்டத்து மண்ணையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். செலவு ஒரு தம்ளர் தண்ணீர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடித்துக்கொண்டு போவது மண்ணின் நல்ல பாகம். கனமான மணலும் கல்லும் பின்னால் நிற்கும். மக்கும், நுண்களிமண்ணும், அதில் ஒட்டியிருக்கும் உரமும்தான் முதலில் போகும். நம் மலைமண் இயல்பிலேயே புளிப்புத் தன்மை உள்ளது. காய்கறி போடுகிறவர்கள் சுண்ணாம்பு இட்டுத்தான் அதைச் சரிசெய்கிறார்கள். விலை கொடுத்து வாங்கிய அந்தச் சுண்ணாம்பும் உரமும் மழையோடு ஓடையில் இறங்கினால் விவசாயிக்கும் நஷ்டம், கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கும் கேடு.

சரிவு செய்யும் வேலை

இனிச் சரிவைப் பார்ப்போம். கொத்தனார்கள் வைத்திருக்கும் மட்டக்குழாயை வைத்து நம் பையன்கள் நிலத்தை அளந்தார்கள். கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ ஒரு ஏக்கர், நூறு அடிக்குப் பன்னிரண்டு அடி இறங்குகிறது. அதாவது 12 சதவீதச் சரிவு. மேலே இருக்கும் இரண்டரை ஏக்கர், நூறு அடிக்கு நாற்பத்தைந்து அடி இறங்குகிறது. அங்கே கொழுந்து பறிப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். மீதி அரை ஏக்கர் ஓடையோரம்.

மண் அரிப்பைக் கணக்கிட உலகம் முழுவதும் பயன்படும் ஒரு சூத்திரம் உண்டு. அமெரிக்காவில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைக் கணக்குகளைத் தொகுத்து வால்டர் விஷ்மயர், டுவைட் ஸ்மித் என்ற இருவர் 1965இல் அதைக் கையேடாக வெளியிட்டார்கள். மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், மேலே உள்ள மூடாக்கு, பயிர் செய்யும் முறை, இவற்றைப் பெருக்கினால் ஒரு வருடத்தில் போகும் மண் எவ்வளவு என்று வரும். எல்லாம் பெருக்கல் கணக்கு என்பதைக் கவனியுங்கள். ஒன்று நாலு மடங்கானால் மொத்தமும் நாலு மடங்காகும்.

பிற்காலத்தில் திருத்தப்பட்ட அந்தச் சூத்திரத்தில் நம் அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். 12 சதவீதச் சரிவில் ஒரு பங்கு மண் போகும் என்றால், அதே பயிர், அதே மழையில், 45 சதவீதச் சரிவில் நாலு பங்குக்கு மேல் போகும். சரிவு தடையில்லாமல் நீண்டு கிடந்தால் இன்னும் கூடும். மேலே சொட்டாகத் தொடங்கும் தண்ணீர் இறங்க இறங்கச் சேர்ந்து பலம் பிடிப்பதுதான் காரணம். குறுக்கே ஒரு வரப்போ, ஒரு புல்வரிசையோ இருந்தால் அந்தப் பலம் அங்கேயே முறியும்.

மூடாக்கின் கணக்கு இதைவிடப் பெரியது. ஒன்றுமில்லாத வெறும் மண்ணுக்கு அந்தச் சூத்திரத்தில் மதிப்பு 1. அடியில் சருகு நிறைந்த நல்ல காட்டுக்கு ஆயிரத்தில் சில பங்குதான். வானம் தருகிற மழை நம் கையில் இல்லை. மலையின் சரிவும் நாம் உண்டாக்கியது இல்லை. நம் கையில் விடப்பட்டிருப்பது மூடாக்கும் பயிர் செய்யும் முறையும் மட்டுமே. ஆனால் கணக்கில் மிக அதிகமாக மாறக்கூடியவையும் அவைதான்.

இது அமெரிக்கக் கணக்குத்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் உதகமண்டலத்தில் 1954 முதல் மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 25 சதவீதச் சரிவில் உருளைக்கிழங்கை மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்துப் பயிரிட்டபோது எக்டேருக்கு ஏறத்தாழ 40 டன் மண் போனது என்று அங்கே அளந்திருக்கிறார்கள். அதே சரிவைப் படிப்படியாக வெட்டிப் பயிரிட்டபோது அது ஒரு டன் அளவுக்குக் குறைந்தது. பயிரை மாற்றவில்லை, முறையை மட்டும் மாற்றினார்கள்.

40 டன் என்பது நமக்குப் புரிகிற கணக்கில் எவ்வளவு? ஏக்கருக்குப் பதினாறு டன். நிலம் முழுவதும் பரப்பினால் மூன்று மில்லிமீட்டர் கனம்தான். அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக ஆயிரம் வருடம்வரை ஆகலாம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. வருடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் போனால் அந்த ஆயிரம் வருட மண் பத்தே வருடத்தில் தீர்ந்துவிடும். நம் குத்தகைக் காலம் ஒன்பது வருடம் என்று கேட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி வெட்டினால் போதாதா?

"அப்படியானால் படி வெட்டியே கேரட் போடட்டுமே" என்று குழுவில் ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் மாவட்டத்தில் படி வெட்டி, மண்ணைக் காப்பாற்றி, மரியாதையாகக் காய்கறி விளைவிக்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் படி வெட்டுவதற்கும் எல்லை இருக்கிறது. நம் நாட்டு மண் பாதுகாப்பு நூல்கள் 16 முதல் 33 சதவீதம்வரையுள்ள சரிவுக்குத்தான் இந்த முறையைச் சொல்கின்றன. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு படிக்கும் பின்சுவர் ஆள் உயரம் வந்துவிடும். வெட்டிய மண்ணை முன்னால் கொட்டி நிரப்ப வேண்டும். கொட்டிய மண் இறுகாத மண். மழையில் முதலில் உட்காருவது அதுதான். மேலும் நம் பக்கம் போல மழை அதிகமுள்ள இடத்தில் படி உட்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் உள்வாய்க்காலில் சேர்ந்து, கல் பாவிய ஓரக்கால்வாய் வழியாக ஓடைக்குப் போக வேண்டும். அந்த வாய்க்காலை ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் தூர்வார வேண்டும். தண்ணீர் படியில் தேங்கி நின்றால் அது படியையே தள்ளிவிடும். ஒன்பது வருடத்தில் போய்விடும் குத்தகைக்காரர் இவ்வளவையும் கவனிப்பார் என்று பத்திரத்தில் எழுதலாம். கவனிக்காவிட்டால் கீழே இருப்பவர்கள் அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

நம் மேல் நிலம் 45 சதவீதம். அந்த முறை ஏற்கும் எல்லையைத் தாண்டி நிற்கிறது.

மெதுவான இழப்பும் திடீர் இழப்பும்

இதுவரை சொன்னது மண் மெதுவாகக் கரைந்து போவதைப் பற்றி. நாம் எல்லோரும் அஞ்சுவது இன்னொன்று, நிலச்சரிவு. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு.

2009 நவம்பரை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் நம் மாவட்டத்தில் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் பெய்தது. அதே மழையில் வயநாட்டுப் புத்துமலையும் மலப்புறத்துக் கவளப்பாறையும் சரிந்தன. 2024 ஜூலை 30 அதிகாலை சூரல்மலையிலும் முண்டக்கையிலும் நடந்ததைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்துச் சொந்தபந்தங்கள் வழியாக அந்தத் துக்கம் நம் மஹல்லாவரை வந்தது. அல்லாஹ் அவர்கள் அனைவர் மீதும் அருள் புரிவானாக.

இங்கே ஒரு நேர்மையான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். முண்டக்கைச் சரிவு தொடங்கிய உச்சிப்பகுதி காட்டுப் பகுதிதான். அளவுக்கு மீறிய மழை பெய்தால் காடும் சரியும். ஆகவே மரம் இருந்தால் சரியவே சரியாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது உங்களுக்குப் பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிடும். நான் சொல்வது இவ்வளவுதான்: சில சரிவுகள் எந்த மழையிலும் நிற்கும், சில சரிவுகள் எப்படியும் விழும், இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலான சரிவுகள் இருக்கின்றன. அந்த நடுச்சரிவுகள் எந்த அளவு மழைவரை தாங்கும் என்பதில் நம் கைவேலைக்குப் பங்கு இருக்கிறது.

எப்படி? வேர் மண்ணைக் கம்பிபோல் கட்டி வைக்கிறது. தேயிலைச் செடியையோ சில்வர் ஓக்கையோ வெட்டினால் அந்தக் கட்டு அன்றே அறுந்துவிடாது. மண்ணுக்குள் இருக்கும் வேர் மக்கச் சில வருடம் ஆகும். அதனால்தான் வெட்டிய முதல் மழையில் ஒன்றும் நடப்பதில்லை. "பார்த்தீர்களா, வீணாகப் பயந்தோம்" என்போம். பழைய வேர் மக்கி, புதிய வேர் பிடிக்காத மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வருடத்தில்தான் அந்தச் சரிவு மிகவும் பலவீனமாக இருக்கும். கேரட்டின் வேர் ஒரு சாண். அது அடுத்த பருவத்தில் பிடுங்கி எடுக்கப்படுகிற வேர்.

இரண்டாவது காரணம், அடிவாரத்தை வெட்டுவது. அரிசி மூட்டைகளை அடுக்கி வைத்து அடிமூட்டையை உருவினால் என்ன ஆகும் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். பாதைக்காகவும் வீட்டுக்காகவும் பத்தடி, பதினைந்தடி செங்குத்தாக வெட்டும்போது மலைக்கும் அதைத்தான் செய்கிறோம். மூன்றாவது காரணம், தண்ணீரை ஒரே இடத்தில் விடுவது. பரவலாக இறங்கும் மழையை நிலம் எப்படியோ சமாளிக்கும். கூரைத் தண்ணீர், சமையலறைத் தண்ணீர், கழிவறைக் குழி எல்லாவற்றையும் ஒரே சரிவில் வருடம் முழுவதும் இறக்கினால், மழைக்காலம் வருவதற்கு முன்பே அந்த மண் நனைந்து கனத்துப் போயிருக்கும்.

நிலம் நம்மிடம் எப்படி வந்தது

இந்த நான்கு ஏக்கர் நாம் சம்பாதித்தது அல்ல. அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு பெரியவர், தம் பிள்ளைகள் கேட்டும் விற்காமல், ஏழைகளுக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போனது. நம் கையில் அது அமானிதம். அமானிதமாக வந்த பொருளின் வருமானத்தை எடுத்துச் செலவு செய்யலாம், முதலை அழிக்கக் கூடாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குக்கூடத் தெரிந்த சட்டம். மேட்டு நிலத்தில் முதல் என்பது ஏக்கர் கணக்கு அல்ல, அந்த ஒரு சாண் கறுப்பு மண். பட்டாவில் நான்கு ஏக்கர் அப்படியே இருக்கும். மண் மட்டும் ஓடை வழியாகப் பவானிக்குப் போய்விட்டிருக்கும். பத்து வருடம் கழித்துப் படிப்பு உதவி கேட்டு வரும் பிள்ளைக்கு நாம் எதைக் கொடுப்போம்?

அதோடு அண்டை வீட்டாரின் ஹக்கும் இதில் இருக்கிறது. மேலே இருப்பவன் செய்வது கீழே இருப்பவன் தலையில்தான் இறங்கும். சரிவில் வாழ்கிறவர்களுக்கு இது அன்றாட உண்மை.

என் யோசனைகள்

குழுவின் சார்பாக அல்லாமல், செயலாளர் என்ற முறையில் சில யோசனைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது: மேலே உள்ள இரண்டரை ஏக்கரில் தேயிலையைப் பிடுங்க வேண்டாம். செடி செத்து இடைவெளி விழுந்த இடங்களில் சம உயரத்தில் வரிசை பிடித்து மறுநடவு செய்வோம். நன்றாக மூடி நிற்கும் தேயிலை மழைத்துளியை மேலேயே தாங்கிக்கொள்ளும். இடைவெளி விழுந்த தேயிலைதான் ஆபத்து. களையை மண்வெட்டியால் சுரண்டாமல் அரிவாளால் அறுத்து விடட்டும். கவாத்துச் செய்த கிளைகளை விறகுக்கு எடுக்காமல் வரிசைக்கு இடையே போட்டு வைக்கட்டும். குறுக்கே இருபது அடிக்கு ஒரு வரிசை வெட்டிவேரோ குவாத்தமாலா புல்லோ நடலாம். வெட்டிவேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக இரண்டு, மூன்று மீட்டர் ஆழம்வரை இறங்கும். சில்வர் ஓக் மரங்களில் ஒன்றைக்கூட இப்போது விற்க வேண்டாம்.

இரண்டாவது: கீழே உள்ள ஒரு ஏக்கரைக் காய்கறிக்கே குத்தகைக்கு விடலாம். நிபந்தனைகள் மூன்று. பாத்தி சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும், மேலிருந்து கீழாகக் கூடாது. முப்பதடிக்கு ஒரு புல்வரப்பு வேண்டும். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவே மழைக்காலத்தில் நிலம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது. குத்தகையை மூன்று வருடத்துக்கு எழுதி, மண்ணைப் பார்த்துப் புதுப்பிப்போம். நம் மாவட்டத்தில் பொக்லைன் வைத்து மண் எடுக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதும் பத்திரத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது: ஓடையோரத்து அரை ஏக்கரை யாரும் தொட வேண்டாம். அந்த மரங்களுக்கு அடியில்தான் நம் ஊற்று இருக்கிறது. கோடையிலும் அது வற்றாமல் இருப்பதற்கு அந்தக் கறுத்த மண் காரணம்.

நான்காவது: பள்ளிவாசலின் ஒளூத் தண்ணீரையும் கூரைத் தண்ணீரையும் குழாய் போட்டு ஓடைவரை கொண்டுபோய் விடும் வேலையை இந்த ஐப்பசிக்கு முன்னால் முடிப்போம். பிறருக்குச் சொல்வதை முதலில் நாம் செய்தால்தான் சொல்லுக்கு மதிப்பு. மையவாடியின் மேல்சுவரில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள் அடைத்துக் கிடப்பதை இளைஞர்கள் பார்த்து வந்திருக்கிறார்கள். அதையும் சேர்த்துச் சுத்தம் செய்வோம். ஓட்டை இல்லாத தடுப்புச் சுவர் தண்ணீரைத் தேக்கி வைத்து, தானே விழுந்துவிடும்.

வருமானத்தைப் பற்றிக் கேட்பீர்கள். இந்த ஏற்பாட்டில் கேட்டு வந்த தொகை முழுவதும் கிடைக்காது. ஒரு ஏக்கர் குத்தகையும் மீதித் தேயிலையும் சேர்ந்து இப்போதைவிடக் கொஞ்சம் கூடும். மும்மடங்கு வராது. அந்த வித்தியாசத்தால் படிப்பு உதவி கேட்டுக் காத்திருக்கும் ஆறு பிள்ளைகளுக்கு இந்த வருடம் உடனே கொடுக்க முடியாது. இதை மறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை. அந்த ஆறு வீட்டாரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் ஐந்தாவது யோசனையாக, வசதி உள்ள வீடு ஒவ்வொன்றும் மாதம் ஐம்பது ரூபாய் இதற்கென்று தனியாகத் தர வேண்டும் என்று கேட்கிறேன். மேலே மண்ணைக் காப்பாற்றினால் நன்மை அடைவது கீழே இருக்கும் நாம்தான். அதன் செலவை அந்த ஆறு பிள்ளைகள் மட்டும் சுமப்பது நியாயமாகாது.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

முடிக்கும் முன் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பகல் முழுவதும் வீட்டில் இருந்து சரிவைப் பார்ப்பவர்கள் நீங்கள்தான். கதவு, ஜன்னல் திடீரென்று இறுகி மூட மறுத்தால், தரையிலோ வீட்டுக்குப் பின்னால் மண்ணிலோ புது வெடிப்பு தெரிந்தால், மரமோ மின்கம்பமோ சாய்ந்தால், தெளிவாக வந்த ஊற்று கலங்கி வந்தாலோ திடீரென்று நின்றாலோ, அது மலை தரும் எச்சரிக்கை. சாமானை எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு பக்கவாட்டில் விலகி வெளியேறுங்கள். ஓடை வழியாக இறங்காதீர்கள். பிறகு 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணுக்குச் சொல்லுங்கள். இரவு எந்நேரமானாலும் மக்தப் கூடத்தின் கதவு எல்லாச் சமயத்தாருக்கும் திறந்திருக்கும். சாவி முஅத்தின் அவர்களிடமும், எதிர்வீட்டிலும் இருக்கும்.

வெடிப்புக் கண்டால் அதில் மழைத் தண்ணீர் இறங்காதபடி களிமண்ணோ தார்ப்பாயோ போட்டு மூடலாம். அது மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை. மழை கொட்டும்போது அங்கே யாரும் போகக் கூடாது.

இப்போது கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம். கேரட் குத்தகையை ஆதரிப்பவர்கள் முதலில் பேசட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் சொல்வதை எல்லோரும் கேட்ட பிறகு கை தூக்கி முடிவெடுப்போம். இன்று என்ன முடிவு வந்தாலும், வரும் ஞாயிறு காலை பஜ்ருக்குப் பிறகு வாய்க்கால் தூர்வாரும் வேலைக்கு மண்வெட்டியோடு வாருங்கள். அதற்கு வாக்கெடுப்பு தேவையில்லை.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் கெடுக்காமல் அடுத்தவர் கையில் கொடுக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.